ஆஷ் பாண்டின் மூன்று டிரம்மர்கள்

போன வாரம் உங்களில் ஒரு குழு என்னைத் தேடி வந்தது. டிரம்மர் சரியில்லை, மாற்றப் போகிறோம், நல்ல ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்கள். டிரம்மர் மட்டும் கூட வரவில்லை. நான் யாரையும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பெரிசுக்குத் தலைக்கனம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போயிருப்பார்கள். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் நாலு வார்த்தை கூடுதலாக வந்திருக்கும். அதனால்தான் இப்போது நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தக் குழுவுக்கு மட்டும் இல்லை, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

வேலை என்று நான் சொன்னால் என் வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். எனக்குச் சோறு போட்டது துறைமுகத்து டாலி கிளார்க் உத்தியோகம். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணிச் சரிபார்ப்பது. அதைத் தூக்கத்தில்கூடச் செய்துவிடுவேன். முழித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது பேஸ் கிதார் வாசிப்பதைத்தான். இப்போது இரண்டிலிருந்தும் ஓய்வு. வலது காதில் ஒரு விசில் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. மேடை எனக்குக் கொடுத்த பென்ஷன் அது.

எங்கள் குழுவின் பெயர் ஆஷ் பாண்ட். எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தேக்கி வைக்கிற குளத்தை அப்படித்தான் சொல்வார்கள். பெயர் வைத்தவன் ரெஜி. ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தோம், மாதா கோயிலில் ஒரே நாளில் புதுநன்மை வாங்கினோம். கிதாரும் அவன்தான், குரலும் அவன்தான். நாங்கள் வாசித்தது டெத் மெட்டல் என்கிற வகை. அதில் பாடுவது என்றால் அடிவயிற்றிலிருந்து உறுமுவது. அவன் வீட்டில் உறுமிப் பழகிய காலத்தில் பக்கத்து வீட்டார் பயந்துபோய்ப் பாதிரியாரைக் கூட்டி வந்து வீட்டை மந்திரித்தார்கள். ரெஜிக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

எங்கள் வகைக்கு முன்னால் டெக்னிக்கல் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்வோம். வேகம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். ஏழு அடித் தாளத்தில் போய்க்கொண்டிருக்கிற பாட்டு சட்டென்று பதினொன்றுக்குத் தாவும், அங்கிருந்து ஐந்துக்கு இறங்கும். ஒருவன் ஒரு அடி பிசகினாலும் போதும், கேட்கிறவர்களுக்குப் பாத்திரக்கடை சரிந்து விழுந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாலு பேராகத் தொடங்கினோம். இரண்டாவது கிதார்க்காரன் கப்பல் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் இடத்தை நாங்கள் நிரப்பவே இல்லை. நிரப்பி நிரப்பிக் காலியானது டிரம்மர் இடம்தான். நான் சொல்லப்போவது அதைப் பற்றி.

பயிற்சி எர்ணாவூரில் நடந்தது. ரெஜியின் மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு பழைய ஷெட்டைச் சும்மா போட்டு வைத்திருந்தார். தகரக் கூரை, சிமென்ட் தரை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் அவிந்துவிடுவோம். ஆனால் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆள் வராது. ஒட்டினாற்போல் இருந்த அடுத்த ஷெட்டில் மூர்த்தி என்பவரின் பவர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். இரும்புப் பட்டையை உள்ளே விட்டால் தொம், தொம் என்று வாஷராக வெட்டித் தள்ளும். காலையில் சுவிட்சைப் போட்டால் ராத்திரி ஷிஃப்ட் முடியும்வரை அதே வேகம். வந்த புதிதில் எங்களுக்குத் தொந்தரவாக இருந்தது, அப்புறம் அது காதில் விழுவதே நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டை கேட்டைப் பூட்டிவிடுவார்கள், எங்களுக்கும் லீவு. கரண்ட் போனால் பிரஸ்ஸும் நிற்கும், எங்கள் ஆம்ப்ளிஃபயரும் நிற்கும். வெளியே வந்து கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

முதல் டிரம்மர் சேவியர். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். எங்களில் கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருந்தவன் அவன் ஒருவன்தான். டீசல் வாடையோடு வந்து உட்காருவான், உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டான். ஷெட்டுக்குள் அவன் ஒரு அடி தவறி நான் கேட்டதில்லை.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய மேடை ஒரு கல்லூரி விழா. இரண்டாவது பாட்டில், ஏழிலிருந்து பதினொன்றுக்குத் தாவுகிற இடத்தில், மூன்று பேரும் மூன்று பக்கம் போனோம். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. கூட்டம் ஊளையிட்டது. கீழே இறங்கியதும் ரெஜி சேவியரைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சேவி, ஷெட்ல ஒயுங்கா வாசிக்கற, மேடை ஏறுனா ஸ்பீட ஏத்தி ஓட்றியே?"

"நான் ஓட்டலடா," என்றான் சேவியர். "நீங்க போன ஸ்பீடுக்குத்தான் வந்தேன்."

"டிரம்மரு நீ. எங்க ஸ்பீடுக்கு நீ வர்றதா, உன் ஸ்பீடுக்கு நாங்க வர்றதா?"

நியாயமான கேள்விதான். யாரைக் கேட்டாலும் ரெஜி பக்கம்தான் தீர்ப்பு சொல்வார்கள். நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன். அடுத்தடுத்த மேடைகளிலும் அதே கதை நடந்தது. கடைசியில் ரெஜி நேராகவே சொல்லிவிட்டான். "உனக்கு தாளம் நிக்கல சேவி. நீ இதுக்கு செட்டாவ மாட்ட."

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். சேவியர் கையிலிருந்த குச்சிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்டியா?" என்று மட்டும் கேட்டான். குரலில் கோபம் இல்லை. சந்தேகம் இருந்தது, அதுவும் தன் மேலேயே. குச்சிகளை என் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனான்.

அடுத்து வந்தவன் கணேஷ். திருவொற்றியூர், இன்ஜினியரிங் கடைசி வருஷம். வரும்போதே ஒரு மெட்ரோனோம் கொண்டு வந்தான், டிக் டிக் என்று வேகம் காட்டுகிற சின்னப் பெட்டி. ரெஜி அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே விடவில்லை. "மிஷின வச்சி வாசிக்கறதுக்கு இது இன்னா ஃபேக்டரியா?" என்றான். பக்கத்து ஷெட்டில் பிரஸ் அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கணேஷும் ஷெட்டுக்குள் பிரமாதம், மேடையில் ஓட்டம். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் வேறு குழுக்காரர் ஒருவர் வந்து, "உங்க பாட்டு எல்லாமே ஒரே ஸ்பீடுல கட்டியிருக்கீங்களே, வேணும்னே பண்றீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ரெஜி அவரிடம் சண்டைக்குப் போய்விட்டான். அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்திருந்தால் கணேஷ் எங்களோடு இருந்திருப்பான். யோசிக்கவில்லை. ரெஜிக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு முற்றி, பெங்களூரில் வேலை கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆள் இரண்டு, கை இரண்டு விதம், உடைகிற இடம் ஒன்று. துறைமுகத்தில் இரண்டு வெவ்வேறு கிரேன் இறக்கிய சரக்கில் ஒரே மாதிரி மூட்டை குறைந்தால் நான் கிரேன்காரர்களைச் சந்தேகப்பட மாட்டேன், வேறு எங்கேயோ கோளாறு என்று தேடப் போவேன். பகலெல்லாம் வேலை செய்த அந்தப் புத்தி ஷெட்டுக்குள் நுழைந்ததும் தூங்கிவிட்டது. தாளம் தப்பினால் டிரம்மரைத் திரும்பிப் பார்ப்பது நம் வழக்கம். ஒருவனைத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டால் மற்ற பக்கம் தலை போகாது.

மூன்றாவது ஆள் தாஸ். எம்.கே.பி. நகர். ஒரு மெல்லிசைக் கச்சேரிக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தான். கல்யாணம், வரவேற்பு, கோயில் திருவிழா என்று வருஷம் முழுக்க அவனுக்கு வேலை இருந்தது. எங்களைக் கேட்டுப் பித்துப் பிடித்து அதை விட்டுவிட்டு வந்தான். அவசரப்படாதே என்று நானே சொன்னேன்.

"அங்க வாசிச்ச பாட்டையே நூறு தபா வாசிக்கணும் மாமு," என்றான். "இங்க ஒவ்வொரு அடியும் சண்ட மாதிரி கீது. எனக்கு இதான் வோணும்."

அவன் எழுந்த நாற்காலியில் அந்தக் கச்சேரிக் குழு வேறு ஆளை உட்கார வைத்துவிட்டது. திரும்பிப் போக இடம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவிக்கு எங்கள் இசை துளிகூடப் பிடிக்காது. ஆனாலும் அவன் உட்கார்ந்து வாசிக்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் எதுவும் பேசுவதை விட்டுவிட்டாள்.

தாஸின் முதல் மேடையில் எப்படியோ தப்பித்தோம். இரண்டாவது மேடையில் வழக்கம்போல உடைந்தது. அடுத்தது விஜயதசமி அன்று நகரத்துக்குள் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி. ஐந்து குழுக்கள், அதில் ஒன்றைப் பெங்களூர் மேடைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். ரெஜி என்னைக் கேட்கவில்லை. தாஸை நிறுத்தி வைத்து அவனிடமே சொல்லிவிட்டான். "இதான் கடைசி தாஸு. இதுலயும் ஓட்டுனா நான் வேற ஆள பாத்துக்கறேன்." தாஸ் சரி என்று தலையாட்டினான். அன்றிலிருந்து அவன் ஷெட்டுக்கு எங்களுக்கு முன்னால் வந்து தனியாக வாசித்துக்கொண்டிருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரமாட்டான்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. அன்று தொழிற்பேட்டை திறந்திருக்கும், ஆனால் ஒரு இயந்திரமும் ஓடாது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் சுவிட்சில் கை வைப்பார்கள். முந்தைய வருஷங்களில் அந்த நாளில் நாங்களும் பயிற்சி வைத்ததில்லை. இந்தத் தடவை மறுநாளே மேடை என்பதால் மதியமே போய்விட்டோம்.

முதல் பாட்டே நிற்கவில்லை. கன்வேயர் என்று ஒரு பாட்டு, எங்கள் பாட்டுகளில் கடினமானது. அதன் பாதிக்குள் போவதற்கு முன்பே சரிந்தது. மறுபடி எடுத்தோம், மறுபடி சரிந்தது. மேடையில் நடக்கிற அசிங்கம் ஷெட்டுக்குள் எங்களுக்கு ஒருநாளும் நடந்ததில்லை. ரெஜி கிதாரைக் கழற்றாமலேயே தாஸ் முன்னால் போய் நின்றான்.

"இன்னாது இது? இப்ப ஷெட்லயே ஓட்ற?"

"நீதான் ரெஜி ஓட்ற. நான் உன்ன புட்ச்சிகினு வரேன்."

"அல்லாரும் இத்தயே சொல்றீங்க. சேவி சொன்னான், கணேஷு சொன்னான், இப்ப நீ."

தாஸ் குச்சிகளைக் கீழே வைத்தான். "அப்ப இன்னிக்கே சொல்லிடு. நாளைக்கு அத்தினி பேரு முன்னாடி சொல்றத இப்ப சொல்லு. நான் வூட்டுக்கு போறேன்."

ரெஜி வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மூர்த்தி ஒரு தட்டில் பொரியும் சுண்டலும் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வேட்டியும் நெற்றியில் குங்குமமுமாக இருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு விஷயம் புரியவில்லை.

"இன்னாப்பா, எங்க மிஷினுக்கே இன்னிக்கு லீவு வுட்டாச்சு. உங்களுக்கு கெடையாதா?" என்றார்.

பொரியை வாங்கக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. பாட்டு நின்று இவ்வளவு நேரம் ஆகியும் என் வலது குதிகால் தரையை அழுத்தி எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. காத்திருந்தது வரவில்லை. அந்த ஷெட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"ரெஜி, பிரஸ்ஸு ஓடல," என்றேன்.

"அதுக்கின்னா இப்போ?"

"பிரஸ்ஸு ஓடலடா. அதான் நம்மளால வாசிக்க முடியல."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் பைத்தியம். நான் மூர்த்தியிடம் திரும்பி, ஒரே ஒரு பாட்டு நேரத்துக்கு மிஷினை ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கற்பூரம் காட்டி மால போட்டு வச்ச மிஷினு. நாளைக்கு காலைல நல்ல நேரத்துலதான் கை வைப்பேன். கவர்னரே வந்து கேட்டாலும் முடியாது," என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் கேட்டிருக்கவே கூடாது.

டிரம்மர் காலால் மிதித்து அடிக்கிற பேஸ் டிரம் வாசிக்க வாசிக்க முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க ஒரு பெயிண்ட் டின்னில் சிமென்ட் ரொப்பி முட்டுக் கொடுத்திருந்தோம். அந்த டின்னைக் கம்பிக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினேன். பிரஸ்ஸின் வேகம் என் குதிகாலுக்கு மனப்பாடம். தரையில் போட்டேன். தொம். தூக்கி மறுபடி போட்டேன். தொம்.

"வாசிங்கடா," என்றேன்.

ரெஜி சலிப்போடுதான் தொடங்கினான். தாஸ் சேர்ந்துகொண்டான். ஏழு வந்தது, பதினொன்றுக்குத் தாவியது, ஐந்தில் இறங்கியது. ஒரு மயிரிழை பிசகவில்லை. என் தோள்பட்டை எரிந்துகொண்டிருந்தது. பாட்டின் நடுவில், சொல்லாமல், டின்னைக் கையிலேயே நிறுத்தினேன். கொஞ்ச தூரம் பழைய வேகத்திலேயே போனார்கள். அப்புறம் ரெஜியின் கை மெல்ல முன்னால் ஓடத் தொடங்கியது. நான் வாசிக்காமல் நின்று கேட்டதால் எனக்கு அது தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. தாஸ் அவனை விட்டுவிடாமல் பின்னாலேயே ஓடினான். தாவுகிற இடத்தில் இரண்டு பேரும் கவிழ்ந்தார்கள்.

மூர்த்தி தட்டைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாக வெளியே போனார். இத்தனை வருஷமும் எங்களுக்குத் தாளம் போட்டது பக்கத்து ஷெட்டில் வாஷர் வெட்டிய இயந்திரம். அதன் வேகத்துக்கே பாட்டுக் கட்டியிருக்கிறோம், அதன் அடியில் சாய்ந்துகொண்டே வாசித்திருக்கிறோம். மேடையில் அது இல்லை. இல்லாத இடத்தில் ரெஜி பதற்றத்தில் ஓடியிருக்கிறான், டிரம்மர்கள் அவனைக் காப்பாற்றக் கூடவே ஓடியிருக்கிறார்கள், பழி அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

ரெஜி கிதாரைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு டின்ன எட்த்துகினு போலாம்," என்றான்.

"மேடை பலக," என்றான் தாஸ். "டின்னு போட்டா ஒடையும். அதுவுமில்லாம டின்னுதான் தாளம்னா நான் எதுக்கு?"

ரெஜி கிதாரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். நாளைக்கு என்ன செய்வது என்று எந்த முடிவும் இல்லை. நானும் தாஸும் பொரியைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நாளைக்கு அவன் ஓடுனா நீ ஓடாத," என்றேன்.

"கச்சேரில எங்களுக்கு மொத பாடமே அதான் மாமு. பாட்றவன் தப்பு பண்ணா கூடவே போயி மூடிடணும், ஜனங்களுக்கு தெரிய கூடாது. நான் நின்னுட்டா பாட்டு அங்கயே ஒடையும். அப்பால யாரு தலைல வுழும்னு உனக்கு தெரியாதா?"

"நீ நில்லு. நான் உங்கூட நிக்கறேன்."

"அவன் உன் தோஸ்து. சின்ன வயசுலேர்ந்து."

"நிக்கறேன்னு சொன்னேன்ல," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நிற்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் எங்கள் முறை மூன்றாவதாக வந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. முதல் இரண்டு பாட்டும் சின்னவை, ஓடுவதற்குள் முடிந்துவிடும். மூன்றாவது கன்வேயர். ரெஜி எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டு மேடையின் முன்விளிம்பில் நின்று தொடங்கினான். பாட்டு ஏழு அடியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவன் கை முன்னால் நழுவுவது எனக்குக் கேட்டது.

தாஸ் போகவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விரிசல் விழுந்தது. கேட்கக் கர்ணகொடூரமாக இருந்தது. தலையாட்டிக்கொண்டிருந்த முன்வரிசைப் பையன்கள் எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். ரெஜி கண்ணைத் திறந்து திரும்பினான். தாஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். வா என்றது அந்தப் பார்வை. ராயபுரத்துத் தெருவிலிருந்து நான் அவன் பின்னால் போகாமல் இருந்ததே கிடையாது. என் விரல்கள் பாதி அவனோடு போய்விட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நொடியில் நான் ரெஜியோடு போயிருந்தால் இரண்டு பேருக்கு எதிராக தாஸ் ஒருத்தன் ஆகியிருப்பான். தப்பு அவன்தான் என்று ஆயிரம் பேர் சாட்சி சொல்லியிருப்பார்கள்.

குதிகாலைப் பலகையில் ஊன்றினேன். அடியில் பிரஸ் இல்லை. தாஸின் பேஸ் டிரம் மட்டும் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு விரலை இழுத்து அவன் வேகத்தில் போட்டேன். என் நண்பனுக்கு எதிராக வாசிக்கிறேன் என்று தெரிந்தேதான் வாசித்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்ததும் ரெஜி தனியாகிவிட்டான். தான் மட்டும் எங்கேயோ முன்னால் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டான். உறுமலும் நின்றது. பேஸும் டிரம்மும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. கிதாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் ரோஷம் எனக்குத் தெரியும்.

அவன் மைக் ஸ்டாண்டைப் பிடித்துத் தரதரவென்று பின்னால் இழுத்துக்கொண்டு வந்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். வலது காலைத் தூக்கி, ஷூவின் அடிப்பாகத்தைத் தாஸின் பேஸ் டிரம் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். தாஸ் தலையைத் தூக்கவில்லை, அடிப்பதை மட்டும் அடித்தான். ரெஜி கண்ணை மூடாமல், அந்த அதிர்வைக் காலில் வாங்கிக்கொண்டு, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு நின்றான். பதினொன்றுக்குத் தாவுகிற இடத்தின் முதல் அடியில் உள்ளே வந்தான். வந்த வேகத்தில் என் முதுகெல்லாம் சிலிர்த்துப் போனது. இதெல்லாம் ஏற்கெனவே ஒத்திகை பார்த்தது என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. ஆரவாரத்தில் எனக்குக் காதே அடைத்தது. மீதிப் பாட்டு முழுக்க அவன் காலை எடுக்கவே இல்லை.

பெங்களூருக்கு எங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. எங்களைவிட நீளமாக முடி வளர்த்திருந்த ஒரு குழுவை எடுத்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் வருத்தம் வந்ததாக ஞாபகம் இல்லை. வேனில் சாமான் ஏற்றும்போது ரெஜி பேஸ் டிரம்மைத் தானே தூக்கி வைத்தான். அதுவரை அவன் தன் கிதாரைத் தவிர எதையும் தூக்கியதில்லை. தாஸ் கடைசிவரை எங்களோடு இருந்தான். ஆஷ் பாண்டில் அதற்கப்புறம் ஆள் மாறவே இல்லை, குழு கலைந்த நாளில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் கலைந்தோம்.

இனி உங்களுக்கு. ஆளை மாற்றுவதற்கு முன்னால் இடத்தை மாற்றிப் பாருங்கள். பழகின அறையை விட்டு ஒரு மொட்டை மாடியிலோ மைதானத்திலோ வாசித்துப் பாருங்கள். நடுவில் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கேளுங்கள். பழி யார் மேல் சுலபமாக விழுகிறதோ அவனைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முடிந்தால் அவனையும் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவன் இல்லாதபோது என்னிடம் டீ குடிக்க வராதீர்கள். இதை நான் இவ்வளவு கடுப்போடு சொல்வதற்குக் காரணம் மேடையில் நடந்தது இல்லை. அதற்குப் பிறகு நடந்தது.

வேனில் வரும்போதே ரெஜி, "சேவிய பாக்கணும்," என்றான். கணேஷுக்கு போனில் சொல்லிவிட்டான். கணேஷ் சிரித்துவிட்டு மெட்ரோனோமை ஞாபகப்படுத்தினானாம். சேவியரிடம் போனில் சொல்ல ரெஜிக்கு மனசு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் காசிமேட்டுக்குப் போனோம். சேவியர் ஒரு படகின் இன்ஜினைக் கரையில் இறக்கி வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதுவே ரெஜிக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

ரெஜி சுற்றி வளைக்கவில்லை. பிரஸ், ஆயுத பூஜை, டின், மேடை எல்லாவற்றையும் சொன்னான். "தாளம் உனக்கு நின்னுச்சு சேவி. எனக்குத்தான் நிக்கல. நான் சொன்னது தப்பு," என்றான். அவன் அப்படி ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சேவியர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். வேஸ்ட் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்.

"மாதா கோயில்ல பாட்டு மாஸ்டரு எம்பொண்ண டிரம் பேடு வாசிக்க கூப்ட்டாரு. நல்லா வாசிக்குதாம். நாந்தான் வேணான்னுட்டேன். எங்க வூட்டு ரத்தத்துல தாளம் கெடையாது, நாளைக்கு நாலு பேரு முன்னாடி அசிங்கப்படும்னு. சொம்மா அய்துகினே கீது."

ஒரு டிரம்மரை மட்டும்தான் அனுப்பினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ரெஜி கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இத்த எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்," என்றான் சேவியர். "அதுகிட்ட வந்து சொல்லு."

வீடு பக்கத்துச் சந்தில்தான். சேவியர் வாசலில் நின்று கூப்பிட்டதும் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாத ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். ஆயிரம் பேர் முன்னால் உறுமியவன் அவளிடம் மெதுவான குரலில் பேசினான்.

"உங்கப்பாக்கு தாளம் வராதுன்னு ஒருத்தன் சொன்னான்ல," என்றான். "அது நாந்தான். எனக்கு தெரியாம சொல்லிட்டேன். உங்கப்பாக்கு நல்லா வரும்."

அவள் அவனை நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "மெய்யாலுமா?" என்று கேட்டாள்.

சேவியர் ரெஜியை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "வரும்," என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் கோயிலில் பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.